எந்த அலகில், எந்தச் சூட்டில்?

அடர்த்தி அளக்கும் கருவிகளை விற்கிறவள் நான். மனிதர்களோடு வாய்ச்சண்டை போடுவதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய தொழில் இது.

அடர்த்தி என்றால் என்னவென்று நீங்களும் படித்ததுதான். பள்ளிக்கூடத்தில் 'மாஸ் டிவைடட் பை வால்யூம்' என்று நெட்டுருப் போட்டு, பரீட்சையில் எழுதி, வாசலைத் தாண்டியதும் மறந்திருப்பீர்கள். மறக்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அதுதான் சோறு போடுகிறது. சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். முதலாளி திரு. கோ, கருவிகளைப் பழுது பார்க்கும் ஹஃபீஸ், விற்பதற்கும் திட்டு வாங்குவதற்கும் நான். மூன்றே பேர்.

நாங்கள் அதிகம் விற்பது ஹைட்ரோமீட்டர். அடியில் குண்டாகவும் மேலே மெலிந்த கழுத்தாகவும் இருக்கும் கண்ணாடி மிதவை. உயரமான கண்ணாடிக் குவளையில் திரவத்தை ஊற்றி அதில் இதை விட்டால், கெட்டியான திரவத்தில் உயர்ந்து மிதக்கும், நீர்த்ததில் மூழ்கும். கழுத்தில் எண்கள். திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. இவ்வளவுதான் விஷயம். இதில் என்ன சண்டை வரும் என்கிறீர்களா? அந்த எண் எந்த அலகில் என்பதில்தான் வரும். ஆய்வுக்கூடத்துக்காரருக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம். கப்பல்காரருக்கு ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ. சர்க்கரைக்காரருக்கு பிரிக்ஸ். பழைய ரசாயனக்காரருக்கு பொமே. பால்காரருக்கு வேறொன்று. எண்ணெய்க்காரருக்கு இன்னொன்று. ஆளுக்கொரு அலகு, அலகுக்கொரு பிடிவாதம்.

தண்ணீர் கனத்த கதை

துவாஸில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலை. அங்கே தரம் பார்க்கும் செல்வம் எங்களிடம் புது டிஜிட்டல் கருவி வாங்கியிருந்தார். வாங்கிய மறுநாளே போன். "மிஸ், மெஷின் கெட்டுப் போச்சு." எப்படித் தெரியும் என்றேன். "தண்ணி ஊத்தினேன். ஒன்னுன்னு காட்டணும்ல? தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது."

குழாய்த் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்திருக்கிறார். அதுவும் சரிப்படாமல் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றியாயிற்று. மேலதிகாரி வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். கருவிமேல் குற்றமே இல்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் எத்தனை கிலோ என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. செல்வமோ ஒரு கன சென்டிமீட்டர் எத்தனை கிராம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. அலகை மாற்றும் பொத்தானை அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். திரையில் 0.998 வந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று காதை நன்றாகக் கொடுத்தேன்.

"மிஸ், அந்த ஆயிரம் போனா போகட்டும். மீதி ரெண்டு எங்க போச்சு?"

அறுபத்தைந்தைத் தேடி

கமலா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு மழை நாளில். நல்ல உயரம். நாங்கள் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். கையிலிருந்த பையில் ஒரு ஹைட்ரோமீட்டரும், சில்வர் டப்பா ஒன்றும். டப்பாவுக்குள் கரும்சிவப்பாக எதுவோ. அதில் ஒரு கரண்டி யாரும் பிடிக்காமலே நட்டுக்கொண்டு நின்றது.

கதையைச் சொன்னார். மார்சிலிங்கில் வீடு. கணவர் சேகர் பஸ் ஓட்டுகிறார். சேகரின் அக்கா பார்வதி பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறார். கமலா, பாலில் கலந்து குடிக்கும் பாண்டோங் பானத்துக்கான ரோஸ் சிரப் காய்ச்சினால் அக்கம்பக்கமே பாட்டில் கொண்டுவந்து நிற்கும். அந்தத் தைரியத்தில் கமலா தொழிற்சாலை வேலையையும், பார்வதி பள்ளிக்கூடக் கேன்டீன் கடையையும் விட்டுவிட்டு, உட்லண்ட்ஸில் ஒரு சமையல்கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஒரு சூப்பர்மார்க்கெட் சரக்கைச் சுவைத்துப் பார்த்துப் பிடித்துப்போய், ஒரே ஒரு நிபந்தனை போட்டது. அடுத்தடுத்து மூன்று தடவை காய்ச்சும் சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். அறுபத்தைந்து. அரைப் புள்ளிக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இருந்தால் கடை அலமாரியில் இடம். இல்லாவிட்டால் சமையல்கூடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் மறுபடி வேலை தேட வேண்டியதுதான்.

"நான் ஒரு கம்பிப் பதம்னு எழுதித் தரட்டுமான்னு கேட்டேன் மிஸ். அந்த ஆபீசர் கம்பி எவ்வளவு நீளம்னு கேக்குறாரு."

இணையத்தில் பழைய சாமான் விற்கும் யாரிடமோ ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கியிருக்கிறார். சிரப்பில் விட்டால் முப்பத்தைந்து காட்டியது. அறுபத்தைந்துக்கு இன்னும் முப்பது போக வேண்டுமே என்று காய்ச்சினார். நாற்பது வந்தது. இன்னும் காய்ச்சினார். அதற்கு மேல் எண் நகரவில்லை, சிரப்தான் நகர மறுத்தது. கருவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மங்கிப்போன எழுத்தில் பொமே என்று இருந்தது. சூப்பர்மார்க்கெட் கேட்டது பிரிக்ஸ்; பொமேயில் முப்பத்தைந்து என்றால் பிரிக்ஸில் அறுபத்தைந்து. முதல் தடவை விட்டபோதே அவர் தேடிய இடத்தில்தான் நின்றிருக்கிறார். அதைச் சொன்னதும் ஹஃபீஸ் 'அலாமாக்' என்று தலையில் கை வைத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; அடக்கவும் இல்லை. நல்ல வேளை, கமலாவும் சிரித்துவிட்டார். சரியான பிரிக்ஸ் மிதவை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். டப்பாவை என் மேசையில் தள்ளிவிட்டுப் போகும்போது சொன்னார்:

"இதைக் குடிக்க முடியாது மிஸ். கடிச்சுப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு."

சின்ன எண், பெரிய கனம்

தஞ்சோங் பகாரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் எண்ணெய் வியாபாரம் செய்யும் நிறுவனம். அங்கே புதிதாகச் சேர்ந்த தினேஷ், கோட்டும் சூட்டுமாக, கூட்டத்துக்கு நடுவே எனக்கு வீடியோ அழைப்பு போட்டான். கனமான எண்ணெய் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்க, இவன் பெரிய எண்ணாகப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டான். எண்ணெய்க்காரர்களின் டிகிரிக் கணக்கு தலைகீழ். தண்ணீருக்குப் பத்து. எண்ணெய் லேசாக ஆக ஆக எண் கூடிக்கொண்டே போகும். எண் பெரிதென்றால் சரக்கு இலேசு. நான் மூன்று விதமாக விளக்கினேன். அவன் முகத்தில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறம் வந்து போனது. நல்ல வேளை, சரக்கு இன்னும் ஏறவில்லை. திருத்திக்கொள்ள நேரம் இருந்தது.

"அப்போ நம்பர் சின்னதா இருந்தாத்தான் வெயிட் ஜாஸ்தியா? சீரியஸ்லி அக்கா, யாரு லா இதை டிசைன் பண்ணது?"

ஆற ஆற இனிக்கும் டீ

லிட்டில் இந்தியாவில் ஒரு டீக்கடை. அங்கே தினமும் வந்து உட்காரும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு மருத்துவர் இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். கடைக்காரரிடம் பால் குறைவாக, சீனி குறைவாக என்று சொல்லித்தான் டீ வாங்குவார். ஆனால் கடைக்காரர்மேல் அவருக்குச் சந்தேகம். சீனி கலந்த டின் பாலை எப்போதும் போலக் கவிழ்க்கிறார் என்று நினைப்பு. அதற்காக எங்களிடம் வந்து பால் சோதிக்கும் லாக்டோமீட்டர் ஒன்று வாங்கிப் போனார். டீக்கு அது ஆகாது என்று சொன்னேன். "பால் இருக்குல்ல அதுல?" என்றார். நியாயம்தான், விற்றுவிட்டேன்.

ஒரு வாரத்தில் கடைக்காரரிடமிருந்து எனக்குப் போன். பெரியவர் என் பெயர் அட்டையைக் கொடுத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து மிதவையை எடுத்து, கண்ணாடித் தம்ளர் டீயில் விடுகிறாராம். சுடச்சுட இருக்கும்போது உள்ளே மூழ்குகிறதாம். "பரவாயில்ல, இன்னிக்கு நேர்மையா போட்டிருக்கான்" என்கிறாராம். பேப்பர் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மிதவை மேலே எழும்பி நிற்கிறதாம். "நான் பேப்பர் படிக்கிற நேரத்துல பாலை ஊத்திட்ட" என்று கடைக்காரரோடு சண்டை. சூட்டில் எதுவும் விரிந்து நீர்த்துப்போகும், ஆறினால் சுருங்கிக் கெட்டியாகும் என்று பெரியவரிடம் போனிலேயே சொன்னேன்; செல்வத்தின் தண்ணீரில் அந்த ரெண்டு காணாமல் போனதும் இதனால்தான். அவர் நம்பவில்லை. பின்னால் கடைக்காரர் குரல் கேட்டது:

"அங்கிள், அடர்த்தி கம்மியா வேணும்னா பச்சத் தண்ணி குடிங்க லா. அதுக்கு நான் காசும் கேக்க மாட்டேன்."

இருபது டிகிரி எங்கே கிடைக்கும்?

டீக்கடையில் நடந்ததேதான் கமலாவுக்கும் நடந்தது. அவர் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சிரப்பை அளந்தார். அறுபத்தைந்து வரும்வரை காய்ச்சினார். ஆறியபின் பார்த்தால் அடியில் கற்கண்டு கட்டி நின்றது. எனக்குப் போன் வந்தது. மிதவையின் கழுத்தில் பொடி எழுத்தில் 20 என்று போட்டிருக்கிறதே, அந்த வெப்பநிலையில் அளந்தால்தான் எண் சரியாக இருக்கும் என்றேன்.

"இருபதா? நம்ம ஊர்லயா?"

கேள்வி சரியானதுதான். சமையல்கூடத்தில் அனல். வெளியே அதைவிட அனல். சிங்கப்பூரில் இருபது டிகிரி என்பது சினிமாத் தியேட்டரிலும் அலுவலகக் கூட்ட அறையிலும் மட்டுமே விளையும் பொருள். எங்கள் முதலாளி திரு. கோவின் அறையில் எப்போதும் அதுதான். அதனாலேயே நாங்கள் யாரும் உள்ளே போவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் குவளையை வைத்து ஆற்றலாம் என்று சொல்வதற்குள் கமலா போனை வைத்துவிட்டார். அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

மறுவாரம் அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து நானும் ஹஃபீஸும் விழுந்து விழுந்து சிரித்தோம். மார்சிலிங் வீட்டுப் படுக்கையறை. ஏர்கான் இருபதில். கட்டிலுக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் குவளைகள் வரிசையாக நிற்கின்றன, சாமி முன்னால் வைத்த படையல் மாதிரி. கட்டிலில் விடிகாலை பஸ் ஓட்டிவிட்டு வந்த சேகர், போர்வைக்கு மேல் போர்வை, தலையில் துண்டு. ஆனால் அளவு நன்றாக வந்துவிட்டது. முதல் தடவை சரியாக அறுபத்தைந்து. போனில் கமலாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். பின்னால் சேகரும் பேசினார்.

"மிஸ், சிரப்புக்கு இருபது போதும்னு சொல்லிட்டீங்க, சரி. மனுசனுக்கு எவ்வளவுன்னு அந்தக் குழாய்ல எழுதியிருக்கா?"

வீட்டில்

என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ரசம் தண்ணியாக இருக்கிறது என்றார் என் கணவர். எதோடு ஒப்பிட்டு என்றேன். முந்தாநாள் ரசத்தோடு என்றார். அது சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் போய்விட்டார். என் மகள் சொன்னாள்:

"அம்மா, உங்ககிட்ட ஒரு கம்ப்ளெயின்ட் கூட ஃப்ரீயா பண்ண முடியல."

ஒரே குவளை, இரண்டு எண்

கமலா சரியாகிவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். சூப்பர்மார்க்கெட் அதிகாரியிடமிருந்து வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது. முதல் சிரப் சரி. இரண்டாவது கெட்டி. மூன்றாவது நீர்த்துவிட்டது. ஒரே சமையல்கூடம், ஒரே சர்க்கரை, ஒரே மிதவை. இன்னும் ஒரு வாய்ப்பு தருகிறேன், மறுபடி மூன்று தடவை, அதோடு சரி என்று சொல்லிவிட்டார் அவர்.

அதற்குள் சமையல்கூடத்தில் பெரிய போர். பார்வதி காலையில் காய்ச்சுவார், கமலா மாலையில். "என் அண்ணி காய்ச்சினா கெட்டியாப் போகுது" என்று கமலா சொல்ல, "இவ தண்ணி ஊத்தி லாபம் பாக்குறா" என்று பார்வதி சொல்ல, பேச்சுவார்த்தை நின்றுபோனது. கமலா என்னிடம் போனில் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. "அவங்க கடையை விட்டுட்டு வந்தது என்னை நம்பித்தான் மிஸ். இது கவுந்தா அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" வாடிக்கையாளர் இடத்துக்குப் போவது என் வேலையில் சேராது. போனேன்.

பார்வதி அக்காவை அன்றுதான் பார்த்தேன். கமலாவின் தோளுக்குக் கீழேதான் வருவார். குட்டையான உருவம், கணீரென்ற குரல், நெற்றியில் பெரிய பொட்டு. இப்போதெல்லாம் அங்கேயே ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரில் சிரப்பை இருபதுக்கு ஆற்றுகிறார்கள், சேகருக்கு விடுதலை. மேடையில் குவளையை வைத்தேன். மிதவையை விட்டேன். பார்வதி அக்கா மேடைக்கு முன்னால் நின்று பார்த்தார். "அறுபத்தஞ்சு" என்றார். கமலா வந்து பார்த்தார். "அறுபத்தாறு இருக்கு" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பொய் சொல்கிறாள் என்று இரண்டு முகத்திலும் எழுதியிருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. கண் திரவத்தின் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். பார்வதி அக்காவின் கண் நேராக இருந்தது, அன்று. ஆனால் கேட்டதில் தெரிந்தது, அவர் எப்போதும் குவளையைக் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பவர். மேல்தட்டில் வைத்து அண்ணாந்து பார்த்தால் எண் குறைந்து தெரியும், இன்னும் காய்ச்சுவார். கமலாவோ எப்போதும் உயரத்திலிருந்து குனிந்து பார்க்கிறவர். அவர் கண்ணுக்கு எண் கூடித் தெரியும், சீக்கிரம் இறக்கிவிடுவார். ஒரு புள்ளி வித்தியாசம் அதில்தான். நான் விளக்கி முடித்ததும் பார்வதி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளா இவ என்னை ஏமாத்தல. இவ உயரம்தான் ஏமாத்தியிருக்கு. அதுக்கும் நான்தான் திட்டியிருக்கேன்."

யார் நிற்பது, யார் உட்காருவது

இனி குவளை மேடையை விட்டு நகரக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து, இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும் என்று சட்டம் போட்டேன். மேடையின் உயரத்துக்குப் பார்வதி அக்கா நின்றால் கண் சரியாகக் கோட்டுக்கு நேராக வருகிறது. கமலாவுக்கோ ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் வருகிறது. எவ்வளவு சுலபம்! ஒருவர் நிற்க வேண்டியது, ஒருவர் உட்கார வேண்டியது. அறிவியல் அதோடு முடிந்துவிட்டது. குடும்பம் ஆரம்பமானது.

"எங்க வீட்டுக்கு வாழ வந்தவ உக்காந்திருப்பா, நாத்தனார் நான் கைகட்டி நிக்கணுமா? இது எந்த ஊரு சயன்ஸ்?" என்றார் பார்வதி அக்கா. கமலாவோ அதற்கும் மேலே. "அண்ணி நிக்கும்போது நான் எப்படி மிஸ் உக்காருவேன்? எனக்கே கூசுது" என்றார். பார்வதி அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தால் மேடைக்கு மேல் பொட்டு மட்டும் தெரிகிறது. குவளையைக் கீழே இறக்கினால் இரண்டு பேருக்குமே ஒத்துவரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க மரியாதையெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. கண்ணு கோட்டுக்கு நேரா இருக்கணும், அவ்வளவுதான்" என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன்.

முதல் இரண்டு தடவையும் கமலா உட்காரவில்லை. ஸ்டூல் இல்லாமலே, உட்கார்ந்தது போலத் தொடையை மடக்கி அந்தரத்தில் நின்று படித்திருக்கிறார். இரண்டும் அறுபத்தைந்து. அதிகாரி இரண்டுக்கும் சரி போட்டுவிட்டார். மூன்றாவதுதான் மிச்சம். அன்றைக்கு நான் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். விற்ற மிதவையின் விலை ஒரு நல்ல சாப்பாட்டுக்குச் சமம். என் மனசு மட்டும் அங்கேயே கிடந்தது.

கமலாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. பிற்பகலுக்குள் பாட்டில்கள் போய்ச் சேர வேண்டும். வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். பார்வதி அக்கா நின்று பார்த்து அறுபத்தைந்து என்றார். கமலா சுவரைப் பிடித்துக்கொண்டு, இருந்த நிலையிலேயே பார்த்தார். "எனக்கு அறுபத்தாறு மாதிரி தெரியுது அண்ணி" என்றார், அழுதுவிடும் குரலில். முதல் வாய்ப்பில் இரண்டு தடவை தவறாகப் போன பயம் அந்தக் குரலில் இருந்தது. தண்ணீர் சேர்ப்பதா, அப்படியே ஊற்றுவதா? தவறினால் எல்லாம் போயிற்று. நான் என் கண்ணால் பார்த்துச் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் நானா வந்து சொல்லப் போகிறேன்? பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். என் வாழ்க்கையிலேயே கடினமான வேலை அது.

பார்வதி அக்கா மூலைக்குப் போனார். அங்கே கிடந்த ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து கமலாவுக்குப் பின்னால் போட்டார். புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தார். "உக்காரு" என்றார். கமலா அசையவில்லை. "உக்காருன்னா உக்காருடி. வண்டி போயிரும்" என்று தோளில் கை வைத்து அமுக்கினார். கமலா உட்கார்ந்தார். பார்வதி அக்கா பக்கத்தில் நின்றார். இரண்டு தலையும் ஒரே உயரத்தில் வந்தன. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குவளையையே பார்த்தார்கள். பிறகு இரண்டு வாயும் ஒன்றாகச் சொன்னது: அறுபத்தைந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரப் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன், இருபது டிகிரியில் ஏது ஆவி?

சிரப் தேறிவிட்டது. சூப்பர்மார்க்கெட் அலமாரியில் பாட்டிலைப் பார்த்ததும் இரண்டு எடுத்துக்கொண்டேன், அலுவலகத்துக்கு ஒன்று, ரசத்தைக் குறை சொல்லும் மனிதருக்கு ஒன்று. பிறகு ஒருநாள் புது மிதவை கொடுக்க உட்லண்ட்ஸுக்குப் போனேன். கமலா ஸ்டூலில் உட்கார்ந்து எண் படித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், பார்வதி அக்காவின் கை அவர் தோளைவிட்டு நகரவில்லை. "என்னக்கா, நாத்தனார் நிக்கிறீங்க, தம்பி பொண்டாட்டி உக்காந்திருக்காங்க?" என்று வம்புக்கு இழுத்தேன். பெரிய சத்தமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்:

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இவ என் முன்னாடி நின்னுக்கிட்டேதான் இருந்திருக்கா மிஸ். நான் கவனிக்கவே இல்ல. கொஞ்சம் உக்காரட்டும்."

ஆகவே அன்பர்களே, இப்போதெல்லாம் யாராவது போன் போட்டு ஒரு பொருளின் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால், எந்த அலகில், எந்தச் சூட்டில், அதோடு உங்கள் வீட்டில் யார் நின்றுகொண்டு யார் உட்கார்ந்துகொண்டு என்று கேட்காமல் நான் வாயைத் திறப்பதில்லை.